ஓரம் அடிக்காத துணி

சபையில் அவளைத் துணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திருவிருந்து மேஜை விரிப்பு, பாடகர்களின் அங்கி எல்லாவற்றையும் இருபத்தாறு வருஷமாகத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தவள் அவள். மிச்ச நேரம் நோயாளிகளைப் பார்க்கப் போவாள். சவப்பெட்டியின் மேல் போர்த்துகிற சபைத் துணி நைந்துபோனதும், புதிதாக ஒன்றை அவளே தைக்க ஆரம்பித்தாள். நடுவில் வெள்ளை நூலில் சிலுவை. மூன்று வருஷ வேலை. அதை முதலில் போர்த்திக்கொள்ளப் போவது தான்தான் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆலயத்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார், உள்ளே கால் வைத்ததில்லை. "பட்டனை அமுக்கினா மேல போயிடலாம். நீ எதுக்குடி இத்தனை வருஷமா படியேறி மூச்சு வாங்குற?" என்று சீண்டுவார். கயிறு அறுந்தால் தெரியும் என்பாள் அவள்.

கடைசியில் அந்த மனுஷன் நிஜமாகவே பட்டனை அமுக்கிவிட்டார்.

நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்தாம் நாள், பார்க்க வந்த போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு, இயேசுவை நம்புகிறேன், எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்றார். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் எடுக்க ஒரு கிண்ணம் கேட்டார். காலையில் பால் கொண்டுவந்த கிண்ணம், கழுவி, அவள் பையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டாள். நர்ஸ் மருந்துத் தம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தாள்.

சின்ன வயதிலிருந்தே, இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளன்மேல் அவளுக்கு ஒரு எரிச்சல் உண்டு. ஊரையெல்லாம் கொள்ளையடித்துவிட்டு, கடைசி மணிநேரத்தில் ஒரு வார்த்தை சொல்லி முதல் ஆளாகப் பரலோகம் போனவன். அந்தக் கள்ளனுக்கே முப்பத்தோரு வருஷம் சோறு போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குப் பட்டது.

மறுநாள் மத்தியானம் அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அங்க எனக்கு யாரையும் தெரியாதே. கேட்டா உன் பேரைச் சொல்லிக்கட்டுமா?"

உழைத்தது நான், பெயரும் என்னுடையதுதான் வேண்டுமாக்கும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"என் பேரெல்லாம் அங்க செல்லாது. நீங்களே பாத்துக்குங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அப்ப வெறுங்கையோடதான் போகணும்" என்றார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை, ஆலயப் பணியாளர் புதுத் துணியைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். இன்னும் ஓரம் அடிக்கவில்லை என்றாள். பரவாயில்லை அக்கா, பழையதைப் போர்த்திக்கலாம் என்று அவர் திரும்பிவிட்டார். சொன்னது பொய்யில்லை, ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அரை மணிநேர வேலை.

ஊசியைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோது அந்தக் கிண்ணம் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பேர் செல்லாது என்று வயிற்றெரிச்சலில் சொன்னது, மெய்யாகவே அப்படித்தான். வாராவாரம் போதகர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவள்தான் விரிப்பின் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அங்கே அவளையும் கேட்பார்கள். எதைக் காட்டுவாள்? துணியைக் காட்டினால், கிண்ணம் எங்கே என்பார்கள். அவரைப் போலவே அவளும் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும், அதுவும் அவருக்குப் பின்னால்.

துணியை மடித்து எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். அவருடைய பெட்டியின் மேல் கிடந்த பழையதை எடுத்துவிட்டு, புதியதைத் தன் கையாலேயே விரித்தாள். முந்திக்கொண்டார் என்று அப்போதும் மனசு பொருமத்தான் செய்தது.

"நூல் தொங்குதேக்கா" என்றார் பணியாளர்.

"தொங்கட்டும்."

நூலைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து, பெட்டிக்குள் இருந்தவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அங்க என் பேரையும் கொஞ்சம் சொல்லி வைங்க."