'ம்' சொன்னது யார்

எங்கள் பட்டறைக்குள் வந்தால் யாரும் 'ம்' கொட்டக் கூடாது. நான் ஏதாவது சொன்னால் 'சரி' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், தலையை ஆட்டுங்கள், இல்லையா, சும்மா இருங்கள். 'ம்' மட்டும் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். கோலியனூர் கூட்டு ரோட்டில் இப்படி ஒரு பைத்தியக்காரி இருக்கிறாள் என்று வெளியே போய்ச் சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

காரணம் எங்கள் ஃப்ளை பிரஸ். ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உடம்பு. நடுவில் திருகு வெட்டிய கனமான தண்டு. தண்டின் தலையில் குறுக்கே ஒரு நீளக் கை, அதன் இரண்டு முனையிலும் தேங்காய் பருமனுக்கு இரும்புக் குண்டு. பாண்டிச்சேரியில் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை என் வீட்டுக்காரர் இளவழகன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அந்தக் கையைப் பிடித்து ஒரு சுற்று வீசிவிட்டால் போதும், குண்டுகளின் கனத்திலேயே தண்டு திருகிக்கொண்டு இறங்கும். முனையில் மாட்டியிருக்கும் பஞ்ச், கீழே சிவக்கக் காய்ச்சி வைத்த இரும்பைக் கேப்பைக் களியில் விரல் விட்ட மாதிரித் துளைத்துவிடும். களைக்கொத்துக்குக் காம்பு நுழைகிற கண்ணை நாங்கள் அதில்தான் போடுகிறோம். சம்மட்டி வைத்து அடித்தால் ஒரு நாளைக்குப் பத்து தாண்டாது. பிரஸ்ஸில் நாற்பது போடலாம், தோள்பட்டை ஒத்துழைத்தால்.

தோள்பட்டை என்னுடையது. பதினேழு வருஷமாக அவர் இரும்பைப் பிடிப்பார், நான் கையை வீசுவேன். வீசுகிறவளுக்குப் பிடிக்கிறவரின் கை தெரியாது, பிரஸ்ஸின் உடம்பு மறைத்துவிடும். எட்டிப் பார்க்கவும் முடியாது. கண்ணை எடுத்தால் சுற்றி வருகிற குண்டு மண்டையைப் பதம் பார்த்துவிடும். அதனால் கண் குண்டின் மேல் இருக்கும், காது அவர் வாயின் மேல் இருக்கும். இரும்பைச் சரியாக வைத்துவிட்டு அவர் 'ம்' என்பார். நான் வீசுவேன். ஏன் வேறு நல்ல வார்த்தையாக வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்காதீர்கள். முதல் நாள் அவர் வாயில் பீடி இருந்தது, 'ம்'தான் வந்தது. அதுவே நிலைத்துவிட்டது.

பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் மகள் ஷாலினி சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுவாள். "உம் கொட்டும்மா" என்று அழுவாள். நான் 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவளுக்குக் கோபமாக வரும். எனக்கு அந்த ஒற்றை எழுத்து காதில் விழுந்தாலே வலது தோள் தானாக இறுகும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி போனில் 'ம், ம்' என்று போட்டால்கூட எனக்குக் கை துடிக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

போன ஆடியில் அது நடந்தது. காலை பதினொன்றரை இருக்கும். ஒரு கொத்துக்குக் கண் போட்டு எடுத்தாயிற்று. நான் கையை மேலே சுழற்றி நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரும்பை அவர் வைத்ததும் குரல் வரும், வீச வேண்டும். 'ம்' வந்தது. வீசினேன்.

இரும்பில் இறங்கினால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவில்லை.

சுற்றிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். பஞ்சுக்கு நேர் கீழே இரும்பை வைக்கிற டையின் ஓட்டையில் போன கொத்தின் வெட்டுத்துண்டு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் இடுக்கியை ஓரமாக வைத்துவிட்டு இடது கையால் ஆணியை வைத்து நெம்பிக்கொண்டிருந்திருக்கிறார். நடுவிரலும் மோதிர விரலும் மேல் கணுவரைக்கும் போய்விட்டன. அவர் கத்தவில்லை, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் ப்ளூடூத் மாட்டி, எனக்குத் தெரியாத பக்கத்துக் காதில் செருகியிருந்தார். அது நழுவித் தொங்க, "அப்பா, ஹலோ, அப்பா" என்று ஷாலினியின் குரல் கொசு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். வகுப்பு இடைவேளையில் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கட் பண்ணினேன்.

ஆட்டோவில் போகும்போது, துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "சாப்ட்டியான்னு கேட்டுச்சு கலா. அதுக்கு 'ம்'னு சொன்னேன். பொண்ணுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா படிப்பே ஓடாது அதுக்கு."

"சொல்ல மாட்டேங்க" என்றேன். அது நியாயம்தானே. பெற்றவள் வேறு என்ன சொல்லுவாள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். இவர் என் முகத்தைப் பார்க்காமல், "கைய எடுக்கறதுக்குள்ள இவ அவசரப்பட்டு சுத்திட்டா சார்" என்றார்.

வலியில் உளறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தையல் போட்டு, ஊசி போட்டு, மறுநாள் வலி கொஞ்சம் அடங்கிய பிறகு, அவருடைய அம்மாவிடமும் அதையே சொன்னார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொன்னார். ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றிச் சொல்ல நா எழும்பாது போலிருக்கிறது. என் மாமியார் வெள்ளையம்மாள் என்னை நேருக்கு நேராகவே கேட்டார். "இன்னா அவசரம் உனக்கு? சீரியலுக்கு நேரமாயிடுச்சா?"

பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன். டாக்டருக்கும் மாமியாருக்கும் தெருவுக்கும் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று நான் எப்போது ஒத்துக்கொண்டேன்? தன் போனோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று, ஷாலினியிடம் விபத்து மறுநாள் சாயங்காலம் நடந்ததாகச் சொன்னோம். அவளும் லீவுக்கு வந்தபோது, "நீ கொஞ்சம் பார்த்து சுத்தியிருக்கக் கூடாதாம்மா" என்றாள். நர்ஸுக்குப் படிக்கிறவள், காயத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள். "சரி" என்றேன்.

ஆறு மாதம் இதைச் சுமந்தேன். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும். ரேஷன் கடையில் ஒருத்தி, "கை எப்படி இருக்குது அண்ணனுக்கு" என்று என்னிடம் கேட்பாள், என் கையைப் பார்த்துக்கொண்டே. சண்டை போடலாம்தான். ராத்திரி படுக்கும்போது கேட்டுவிடலாம் என்று தோன்றும், படுத்ததும் தூங்கிவிடுவேன். அசதி அப்படி. அவரும் கேட்கக் காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் வாயால், இன்னொருத்தர் எதிரில், 'ம்' சொன்னது நான்தான் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஊர் என்ன பேசினாலும் பரவாயில்லை.

தை பிறந்ததும் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டுகிற பருவம். திண்டிவனத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் விருத்தாசலம் எண்பது களைக்கொத்து வேண்டும் என்று நேரிலேயே வந்து நின்றார். அதுவரை அரிவாள் தீட்டுவது, கடப்பாரைக்கு முனை போடுவது என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். பிரஸ்மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. இவருடைய இடது கையில் இடுக்கி நிற்கவில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் வெட்டின துண்டு கனமாக இருக்கும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்காவிட்டால் கண் கோணலாக விழும்.

"இனிமே நீ புடி. நான் சுத்தறேன்" என்றார்.

சாக்கை எடுத்தேன், தண்டுக்கு எண்ணெய் விட்டேன், அடுப்பில் கரி போட்டு ப்ளோயர் சுவிட்சைத் தட்டினேன். விருத்தாசலம் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தார். மாமியார் டீ எடுத்து வந்து அவருக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் எடுத்தேன். டைமேல் வைத்தேன். கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. பிரஸ்ஸின் அந்தப் பக்கம் அவர் பிரஸ்ஸின் கையைப் பிடித்து நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. பதினேழு வருஷம் நான் நின்ற இடம் அது. இப்போது 'ம்' சொல்ல வேண்டியது நான்.

வாய் வரவில்லை. பயம் இல்லை, சத்தியமாகப் பயம் இல்லை. அவர் என் கையை நசுக்கிவிடுவார் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை. உதட்டை மூடி ஒரு சத்தம் விட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தால்தானே எனக்கு இந்தப் பெயர் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்பு சிவந்து, மங்கி, கறுத்தது.

"இன்னா ஆச்சு?" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து.

"சூடு போயிடுச்சுங்க" என்றேன்.

திரும்பக் காய்ச்சினேன், திரும்ப வைத்தேன். அதுவும் கறுத்தது. மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டு வரும்போது விருத்தாசலம் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பாத்தும்மா. அன்னிக்கு நீ அவரு விரலை எடுத்த, இன்னிக்கு அவரு பழி தீத்துக்கப் போறாரு" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. வேடிக்கைக்குத்தான் சொன்னார். என் மாமியாரும் சிரித்தார்.

நான் இரும்பை வைத்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன். அதுவும் கறுக்க ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் அவர் கையை விட்டுவிட்டு, அது தானாகச் சுழலாமல் இருக்கக் கட்டையைச் செருகும் சத்தம் கேட்டது. பிறகு பிரஸ்ஸைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அவ எடுக்கல" என்றார்.

"இன்னாது?" என்றார் விருத்தாசலம்.

"விரலை அவ எடுக்கல. நான் 'ம்' சொன்னேன், அவ சுத்துனா. பொண்ணு போன்ல சாப்ட்டியான்னு கேட்டுச்சு, வேலை நேரத்துல நான் காதுல மாட்டிக்கினு அதுக்கு 'ம்' சொல்லிட்டேன். எம்மேலதான் தப்பு. இத்தினி நாளா இவ மேல போட்டுக்கினு இருந்தேன்." அம்மாவைப் பார்த்து, "ஷாலினிகிட்ட சொல்லிடாதம்மா" என்றார்.

விருத்தாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, காலி கிளாஸை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.

ஆறு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். கேட்டதும் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்து ஊர் சேர்ந்த மாதிரி கால் மட்டும் கடுத்தது. எங்கேயாவது உட்கார வேண்டும் போல இருந்தது. ஆனால் எண்பது கொத்து பாக்கி இருக்கிறதே. நான் இரும்பை மறுபடி அடுப்பில் வைத்தேன்.

அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "கலா" என்றார். "உனக்கு எம்மேல கோவம் இருக்குதா?"

நான் இரும்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் போனார். கட்டையை உருவும் சத்தம் கேட்டது.

இரும்பை எடுத்து டைமேல் வைத்தேன். ஓரம் சரி பார்த்தேன். இரண்டு கையாலும் இடுக்கியை இறுக்கினேன்.

"ம்" என்றேன். வந்துவிட்டது.

பிரஸ்ஸின் கை சுற்றவில்லை. இரும்பு சிவப்பாக இருந்தது, சூடு இருந்தது, அவர் வீசாமல் நின்றார்.

"இரும்புக்கா?" என்றார். "இல்ல, நான் கேட்டதுக்கா?"

பதினேழு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவரை அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

"இரும்புக்குத்தாங்க" என்றேன்.

அவர் வீசினார். கண் நேராக விழுந்தது.