பட்டாணிக்குப் பச்சைக் கொடி

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய தெருவில் என் பக்கத்து வீட்டுக்காரர் அழகிரி, ஓய்வுபெற்ற ரயில் கார்டு. அவருடைய டாஷண்ட் நாய் பட்டாணி பிஸ்கட்டுக்கும் மசியாது, அதட்டலுக்கும் அசையாது. கடைசியில் தன் பழைய கொடிகளை எடுத்தார். சிவப்புக்கு நின்றது, பச்சைக்கு நடந்தது. ஒருமுறை யாரோ மாடியில் காயப்போட்ட சிவப்புப் புடவையைப் பார்த்துத் தெருவில் நின்றுவிட்டது. மழை வந்தும் நகரவில்லை. நான்தான் குடை பிடித்தேன்.

அழகிரி இறந்த அன்று பட்டாணி அமரர் ஊர்தியின் முன்சக்கரத்தடியில் படுத்துக்கொண்டது. தூக்கப்போன மருமகனைக் கடித்தது.

"கொடியக் காட்டும்மா," என்றேன் அவர் மனைவி ஆனந்தவள்ளியிடம்.

"என் கையாலயே அவர அனுப்பச் சொல்றீங்களாண்ணே?"

 பிறகு உள்ளே போய்ப் பச்சைக் கொடியை எடுத்துவந்து அசைத்தாள். பட்டாணி எழுந்து ஒதுங்கியது.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் கொடியை இறக்கவில்லை.