மலை இருக்கும் பக்கம்

பாம்பனில் படகு திரும்பவில்லை என்றால் அந்த வீட்டுப் பெண்கள் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து நிற்பார்கள். புருசனுக்காக முருகலட்சுமி அப்படி நின்றிருக்கிறாள். அவர் வரவே இல்லை. அதனால்தான் மகன் முனீசைப் படகுப் பக்கமே விடாமல் படிக்க வைத்தாள். படித்தவன் வெளிநாட்டு வேலைக்குப் போன இடத்தில் மலையேறப் பழகிக்கொண்டான்.

சிலி நாட்டில் மழையையே அறியாத ஒரு பாலைவனம். அதன் நடுவில், மேகத்துக்கும் மேலே ஓர் எரிமலை. "முங்கிச் சாகக்கூட இங்கன தண்ணி கெடையாதும்மா, பயப்படாத" என்று போனில் சிரித்துவிட்டுத்தான் ஏறினான். உச்சியை நெருங்கும்போது புயல்காற்று பிடித்துக்கொண்டது. கூடப் போனவர்கள் இறங்கிவிட்டார்கள், அவன் இறங்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டதாக இன்று காலை போன் வந்தது.

அவள் எழுந்து நேரே கரைக்கு நடந்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பக்கத்து வீட்டுப் பெண்களும் வழக்கம்போல வந்து நின்றார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கிடக்கட்டும், இந்தத் தடவை அதன்மேல் குற்றமில்லை.

கொழுந்தன் மருதுபாண்டி செல்போனோடு பின்னால் வந்தான்.

"தம்பி, அந்த மலை எந்தப் பக்கம் இருக்கு? அங்கன பாத்து நிக்கிறேன்."

அவன் போனில் வரைபடத்தை உருட்டி உருட்டிப் பார்த்தான். மேற்கே கையைத் தூக்கினான், பிறகு தெற்கே திருப்பினான், கடைசியில் தொங்கப்போட்டுவிட்டான்.

"பூமிக்கு அந்தப் பக்கம் மதினி. எப்படிச் சொல்ல... நம்ம காலுக்குக் கீழ."

அத்தனை உயரம் ஏறிய பிள்ளைக்காக, முருகலட்சுமி குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.