ஐஸில் வைக்காத மீன்

என் மகன் கோகிலன் ரவாங்கில் இருக்கிறான். ஏழு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. காரணம் என் வாய்தான். ஒருநாள் ஜப்பான் கடையிலிருந்து, வேகவைக்காமல் அப்படியே தின்கிற பச்சை மீனைப் பெட்டியில் வாங்கிவந்து ஆசையாக நீட்டினான். "நீ என்ன பூனையாடா?" என்று அவன் பெண்டாட்டி முன்னாலேயே கேட்டுவிட்டேன். பெட்டியை மூடிக்கொண்டு போனவன்தான்.

அவன் பிறந்தநாளுக்கு நானே இறங்கி வந்து போன் போட்டேன்.

"பச்ச மீனு நானே செஞ்சு வைக்கிறேன், மத்தியானம் வாடா."

"பாக்கலாம்மா" என்றான். எனக்கு அது போதும்.

ஐஸ் மீனை நான் கையால்கூடத் தொடமாட்டேன். கடலோரம் கோலா சிலாங்கூரில் இருந்துகொண்டு அதை வாங்கினால் கேவலம். காலையிலேயே படகு வந்து நிற்கும் இடத்துக்குப் போய், செவுள் சிவப்பாக இருந்த தெங்கிரி மீன் ஒன்றை வாங்கினேன். போனில் பார்த்தபடி மெல்லிசாக அறுத்து, எலுமிச்சை பிழிந்து, இரண்டு தட்டில் வைத்தேன்.

மூன்று மணி வரை பார்த்தேன். வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டு ஒரு புழுவை எடுத்தார். நர்ஸ் தனேஸ்வரி மிஸ்ஸி அதைக் குப்பியில் காட்டினாள். வெள்ளை நூல் மாதிரி இருந்தது.

"நல்ல ஃப்ரெஷ் மீனு மிஸ்ஸி. ஐஸே படல."

"அதாம்மா தப்பு. ஐஸ்ல கெட்டியா உறைய வச்சிருந்தா இது செத்திருக்கும். எலுமிச்சைக்கெல்லாம் சாகாது. கூட யாரு சாப்பிட்டா? அவங்களுக்கும் சொல்லணும்."

"என் மகனும்தான் ஒரு தட்டு சாப்பிட்டான்" என்றேன்.

நம்பரையும் கொடுத்தேன். பொய்தான், தெரிந்தே சொன்னேன். ஆஸ்பத்திரி என்றால் எடுப்பான். அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவருவான். ஒருதரம் அவன் முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

எடுத்தான். மிஸ்ஸி மலாயில் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அவரு உங்க வீட்டுக்கே வரலயாமே?"

"நான் எப்படி இருக்கேன்னு கேட்டானா?"

அவள் என் போர்வையைச் சரிசெய்தாள். "வேலையில இருக்காராம்மா. அப்ப அவரோட தட்ட யாரு சாப்பிட்டா?"

"நான்தான் மிஸ்ஸி. அவனுக்குன்னு செஞ்சது, வீசுறதுக்கு மனசு வரல."