மைக்செட்காரரின் ஞாயிறு

பூசையின் வருகைப் பாடல் வெளியிலிருந்து தெளிவாக வந்து காதில் விழுந்தபோதுதான், நர்ஸ் ஜன்னலைத் திறந்துவிட்டாள் என்பது கட்டிலருகே உட்கார்ந்திருந்த அவளுக்கு உறைத்தது. கணவரின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த ஈரப் பஞ்சு கையில் அப்படியே நின்றது.

“காத்து வரட்டும்க்கா. மூச்சுக்குத் திணறுறாரு. எல்லாத்தையும் சாத்தி வச்சா எப்படி?” என்றாள் பக்கத்து வீட்டு நர்ஸ். இரவு வேலை முடிந்து, உடுப்புக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருந்தவள். அவளிடம் போய் ஜன்னலைச் சாத்து என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு வாரமாக அந்த ஜன்னல் திறக்கப்படவில்லை. தூசி என்றாள், பனி என்றாள், கொசு என்றாள். உண்மைக் காரணம் அடுத்த தெருவில், மாதா கோயில் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. அங்கே நான்கு திசைக்கும் நான்கு ஸ்பீக்கர்கள் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் திசையை விட்டுவிட்டு இந்த வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித் திருப்பி வைத்தவர், இப்போது கட்டிலில் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருப்பவர்தான்.

ஊரில் அவருக்கு மைக்செட்காரர் என்றுதான் பெயர். கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வாடகைக்கு ஒலிபெருக்கி கட்டுபவர். கோயில் மைக் மட்டும் வாடகை இல்லை, வேண்டுதல். மகன் பிறந்தபின் அவள் எழுந்து நடக்க மாட்டாமல் கிடந்தபோது, பூசை காண முடியவில்லையே என்று அழுதாள். அவர் ஏணியைப் போட்டு ஏறி ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டு வந்தார். அவள் எழுந்து நடந்த பிறகும் அது திரும்பிய திசையிலேயே நின்றது. “மைக்செட்காரர் பொண்டாட்டி பூசை கேக்கணும்னு, நாங்க ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தைக் காணிக்கை போடுறோம்” என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். பங்குச் சாமியார்கள் மாறினார்கள், அதை யாரும் மாற்றவில்லை.

பாட்டு முடிந்தது. ஒரு கனைப்பு. பிறகு சாமியாரின் குரல், சிலுவை அடையாளம் போட அழைத்தது.

கட்டிலில் கண் திறந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“சாமியார் நேத்துதான் ஊருக்கு வந்தாராம்” என்றாள் அவள், கேட்காத கேள்விக்கு. “சொல்லி அனுப்பியிருக்கேன். பூசை முடிஞ்சதும் மொத வேலையா இங்கதான்.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியவில்லை.

போன வாரம், பேச்சு இன்னும் தெளிவாக இருந்தபோது, அவர் சாமியாரைக் கூப்பிடச் சொன்னார். பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும், எண்ணெய் பூசிக்கணும், ஒண்ணு சொல்லணும் என்றார்.

“எங்கிட்ட சொல்லுங்களேன்” என்றாள்.

“உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனாலும் அவருகிட்டதான் சொல்லணும்.”

இந்தத் தெருவில் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு எந்த வீட்டுக்குள் போனாலும் பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். தையல்காரருக்கு அப்படித்தான் ஆனது. பேக்கரிக்காரரின் அம்மாவுக்கும் அப்படித்தான். அது நோயாளியைத் தேற்றுகிற எண்ணெய், சாவு எண்ணெய் இல்லை என்று பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். காது கேட்டது, பயம் கேட்கவில்லை. “சாமியார் தியானத்துக்குப் போயிருக்காருங்க. வந்ததும் கூட்டிட்டு வர்றேன்” என்றாள். அவர் சரி என்று தலையசைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் அவளை அறுத்தது.

வெள்ளிக்கிழமை, வாராவாரம் நோயாளிகளுக்கு நன்மை என்கிற நற்கருணை அப்பம் கொடுக்கப் போகிற சாமியார் வாசல் வரை வந்துவிட்டார். அவள் கேட்டைப் பிடித்தபடி, “இப்பதான் கண்ணசந்தாரு ஃபாதர், அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிட்டாள். உள்ளே அவர் விழித்துத்தான் இருந்தார். “யாரு?” என்று கேட்டார். “கேஸ்காரன், சிலிண்டர் போட வந்தான்” என்றாள். நற்கருணை ஆண்டவரைக் கையில் ஏந்தி வந்தவரைக் கேஸ்காரன் என்று சொன்ன வாய் இது.

இன்று விடிந்ததும் மூச்சின் சத்தம் மாறியது. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “யாருக்காச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்கக்கா” என்றாள். அதுவரை எதைத் தடுத்தாளோ, அதற்காக அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சாமியாரைக் கூட்டி வா என்று மகனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். அதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. பீடத்தில் ஏறிவிட்ட சாமியாரை யார் இறக்க முடியும்?

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காது கொடுத்துக் கேட்பது ஒன்றுதான். முதல் வாசகம் ஆனது. இரண்டாம் வாசகம் ஆனது. மூச்சு ஒரு தரம் நின்று, அவள் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் திரும்ப வந்தது. நற்செய்தி ஆனது. பிறகு பிரசங்கம்.

இந்தச் சாமியாரின் பிரசங்கத்துக்கு வாலிபர் சங்கத்தில் ‘நித்திய ஜீவியம்’ என்று பட்டப்பெயர். முடிவு வருவதுபோல் வரும், வராது. ‘இறுதியாக’ என்பார், அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். மைக்செட்காரரே பின்வரிசையில் தம் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவரை முடிக்க வைத்த ஞாயிறுகள் உண்டு. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார்.

“முடிங்க ஃபாதர்” என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்து. “உங்களக் கும்பிடுறேன். முடிங்க.”

“இறுதியாக, பிரியமானவர்களே...” என்றது ஸ்பீக்கர்.

அவர் விரல்கள் போர்வையின்மேல் எதையோ தேடின. அவள் கையைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, சத்தத்தைக் குறைக்கிற திருகு ஒன்றை வெறுங்காற்றில் திருகிக்கொண்டிருந்தன. உனக்குத் தெரிஞ்சதுதான் என்று அவர் சொன்னது இதைத்தானோ என்று நினைத்ததும் அவள் உடைந்துபோனாள்.

நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். “உங்க ஆளுங்க ஏதோ மந்திரம் சொல்வீங்களேக்கா. அதச் சொல்லுங்க. காது கடைசி வரைக்கும் கேக்கும்.”

காது கடைசி வரை கேட்கும். அவள் குனிந்து அவர் காதில், பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினாள். சாமியார் இல்லாத இடத்தில், சாகிறவரின் காதில் யாரும் சொல்லலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது. பாவி என்ற சொல் வந்த இடத்தில் நாக்கு நின்றது. யாருடைய பாவத்துக்கு யார் மனஸ்தாபப்படுவது என்று குழம்பிப்போனாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றாள்.

ஒருவழியாகக் கோயிலில் எல்லாரும் எழுந்து நிற்கிற சலசலப்பு கேட்டது. சபை சேர்ந்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கியது. இதற்குப் பிறகு மன்றாட்டு, காணிக்கை. காணிக்கைப் பாட்டுப் பாடும்போது மகன் எப்படியாவது சாமியாரின் காதில் போட்டுவிடுவான். நம்பிக்கை என்று ஒன்று துளிர்த்தது அப்போதுதான்.

சபையின் குரலுக்கு மேலே, மிக அருகில், இந்த அறைக்குள்ளேயே யாரோ நின்று குசுகுசுப்பதுபோல் ஒரு குரல் வந்தது.

“டீச்சர், ஃபாதர்கிட்ட சொல்லணும். அப்பாக்கு ரொம்ப முடியல.”

மகனின் குரல். மன்றாட்டு வாசிக்கிற டீச்சர், தமக்கு முன்னால் இருக்கும் மைக்கை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்கிறவர். ‘பேசாதப்போ ஸ்விட்ச கீழ தள்ளி வைங்க டீச்சர்’ என்று மைக்செட்காரர் அவருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

“இப்ப வந்து சொல்றியேப்பா” என்றார் டீச்சர். அதுவும் ஊருக்கே கேட்டது. “வெள்ளிக்கிழம ஃபாதர் உங்க வீட்டுக்கு வந்தாரே. அப்பவே பூசியிருக்கலாமே.”

அவள் எழுந்து ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கட்டிலின் காலில் முழங்கால் இடித்தது.

“அம்மாதான் உள்ள விடல டீச்சர். எண்ணெய் பூசினா அப்பா செத்துருவாருன்னு பயம். ஃபாதர் ஊர்லயே இல்லன்னு அப்பாகிட்ட பொய் சொல்லி வச்சிருக்காங்க. ஒரு வாரமா அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

ஜன்னல் கதவு அவள் கையில் இருந்தது. சாத்துவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. தெருவில் யாரோ நடந்துபோனவர் நின்று நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் குனிந்து, மடித்து வைத்திருந்த துண்டையே மறுபடி மடித்தாள்.

அவள் திரும்பினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கிப்போன பார்வை இல்லை. கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தேடும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

உதடு அசைந்தது. அவள் ஓடிவந்து மண்டியிட்டாள். திட்டட்டும். ஒரு தரம்கூடத் திட்டாத மனிதர், இன்றைக்குத் திட்டட்டும். இல்லை, மன்னிச்சேன் என்று ஒரு சொல் சொல்லட்டும். எதுவானாலும் அவளுக்கு அது வேண்டும்.

“என்னங்க?”

“மைக்க...” என்றார். மூச்சு இழுத்தது. “மைக்க அணைக்கல.”

“ஆமாங்க. அணைக்கல. நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. பயந்துட்டேங்க. நீங்க போயிருவீங்கன்னு...”

அவர் கண்கள் அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிருந்தன. சொன்னது கேட்டதா, அதற்கு முன் ஸ்பீக்கர் சொன்னது புரிந்ததா, இல்லை திறந்து கிடந்த மைக் மட்டும்தான் அவருக்குக் கேட்டதா? அவள் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “என்னைப் பாருங்களேன்” என்றாள்.

கோயிலில் ஏதோ நடந்தது. மன்றாட்டு ஒன்றே ஒன்றுதான் வாசிக்கப்பட்டது, நோயுற்ற நம் சகோதரருக்காக என்று. காணிக்கைப் பாட்டு இல்லை. உண்டியல் குலுங்கவில்லை. ‘நித்திய ஜீவியம்’ ஓடத் தொடங்கியிருந்தார். மூச்சு வாங்க வாங்க ஜெபங்களைச் சொன்னார், சபை அவரைத் துரத்திக்கொண்டு பதில் சொன்னது. அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது அடிக்கிற எழுந்தேற்ற மணி, ஒன்றன்மேல் ஒன்றாக அவசரமாக அடித்தது. ஊரே அந்த வீட்டுக்காக ஓடியது.

பரலோக மந்திரம் தொடங்கியபோது, அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். மந்திரம் முடிந்தது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

நர்ஸ் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை எடுத்தாள்.

மீதியையும் ஓட்டி முடித்து, சாமியார் பூசை உடுப்போடே ஓடிவந்தார். பின்னால் மகன். வாசலில் செருப்புகள் குவிகிற சத்தம் கேட்டது. சாமியார் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தலையை ஆட்டினாள். “இப்பதான்” என்றாள்.

அவர் வியர்வையைத் துடைக்காமல் கட்டிலருகே வந்தார். பிறகு, “உயிர் எப்ப முழுசாப் போகும்னு நமக்கு என்னம்மா தெரியும்” என்று சொல்லிக்கொண்டே சிமிழைத் திறந்தார். நெற்றியில் எண்ணெய் வைத்தார். உள்ளங்கைகளில் வைத்தார். அவள் அந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அதை வாசலில் நிறுத்திக் காவல் காத்தாள். அது வருவதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்துவிட்டது.

“ஃபாதர்” என்றாள். “கேஸ்காரன்னு சொல்லிட்டேன், உங்கள.”

சாமியாருக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் அவள் தலையில் கைவைத்தார்.

மகன் சுவரோடு ஒட்டி நின்று விம்மினான். “ஸ்விட்ச் மேல இருந்தத நான் பாக்கலம்மா” என்றான். மைக்செட்காரர் மகன். அவள் அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

சாமியார் அடக்கத்தை நாளைக் காலைக்கு வைத்து, கோயிலில் இருந்த டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார். பெண்கள் உள்ளே வந்தார்கள். அவளைப் பார்த்தார்கள், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கேட்காதவர்கள் யாரும் இல்லை. வெளியே ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படாமல் இரைந்துகொண்டிருந்தது. காலிக் கோயிலில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அதுவும் கேட்டது.

“அந்த எரைச்சல் வேற. ஜன்னலைச் சாத்தட்டுமா?” என்றாள் ஒருத்தி.

“வேணாம்” என்றாள் அவள். “தொறந்தே இருக்கட்டும்.”

ஸ்பீக்கரில் டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது கேட்டது. பிறகு அறிவிப்பு வந்தது. நமது பங்கின் ஒலிபெருக்கிப் பணியாளர் இன்று காலை இறைவனடி சேர்ந்தார் என்றும், அடக்கம் நாளைக் காலை என்றும் வாசித்தார். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நின்றார். கொஞ்ச நேரம் வெறும் மூச்சுச் சத்தம். அதற்கப்புறம் ஸ்விட்சைக் கீழே தள்ளுகிற ‘டக்’ ஒன்று, சுத்தமாக.

இரைச்சல் நின்றது. தெருவும் அறையும் அமைதியாயின.

அவள் குனிந்தாள். எண்ணெய் இன்னும் காயாத நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிவிட்டு, அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

“அணைச்சிட்டாங்க” என்றாள்.