பாடமாக்கிய ஐந்து சொற்கள்

நான் எழுதுவதெல்லாம் இந்த ஒழுங்கில்தான் நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. மனைவி புஸ்பராணியிடம் கேட்டுக்கேட்டு எழுதுகிறேன். சில இடங்களில் அவள் வேறுமாதிரிச் சொல்கிறாள்.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள், கழற்றிப் பரப்பிவைத்த எஞ்சினை எப்படிப் பூட்டுவதென்று தெரியாமல் பின்னேரம்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எச்.ஐ.வி. வந்து அப்போது பதினொரு வருடம். எப்படி வந்தது என்ற கதையை முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டோம். மருந்துக் குளிசைகளை ஒழுங்காகப் போட்டதால் இரத்தத்தில் கிருமி தெரியவில்லை. ஆனால் அது மூளையில் ஒளிந்திருக்கிறது, மறதி அதனால்தான் என்றார் கிளினிக்கில் என்னைப் பார்க்கும் டொக்டர் ஸுல்பிகா. கொழும்பில் ஒரு ஆய்வு தொடங்குகிறார்களாம். ஒளிந்திருப்பதை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தேடிப் பிடிக்க உதவும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்களாம். பலிக்குமா என்பது ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். எனக்கு ஒன்றுதான் வந்தது. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து இதே சோதனையை வைத்துப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள் என்றார்.

புஸ்பராணி அந்தச் சொற்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றுமே நினைவில்லாத மனிதனுக்கு இவ்வளவு பெரிய மருந்தை யார் ஏற்றுவார்கள் என்று அவள் நினைத்தாள். மறுநாளிலிருந்து எனக்கு டியூசன். தேங்காய், கதவு, நீலம், சைக்கிள், மழை. சொல்லி முடித்தால்தான் தேத்தண்ணி. சோதனையில் அதுவும் வரலாம் என்று, மணி காட்டும் முள்ளோடு மணிக்கூட்டுப் படம் கீறவும் பழக்கினாள். மகள் லக்சனாவுக்கு நோயின் பெயர் தெரியாது. வெறும் மறதி என்று நினைத்திருந்தாள்.

"சைக்கிளை விட்டிட்டு நடந்தே போறீங்களப்பா," என்று, அந்தச் சொல்லை நான் மறக்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

சோதனையன்று ஐந்தையும் சொன்னேன்.

டொக்டர் ஸுல்பிகா தாளைப் பார்த்தார். "நல்ல விசயம், ஆனந்தராசா. உங்களுக்கு இந்த மருந்து தேவைப்படல்ல. மறதி கூடினவங்களுக்குத்தான் குடுக்கிறாங்க."

எனக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. உண்மையைப் புஸ்பராணிதான் சொன்னாள்.

"நான்தான் பாடமாக்க வைச்சனான், டொக்டர். இவருக்குச் சில நாளில என்ர பேரே வராது."

டொக்டர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தபிறகே பதில் சொன்னார் என்பது என் நினைவு. உடனேயே சொன்னார் என்கிறாள் அவள். பாடமாக்கியவரை வேறு சொற்களால் அளக்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமையோடு மூடப்படும். அதுதான் பதில்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

பன்னிரண்டு பேருக்கும் மருந்து ஏற்றினார்கள். பலித்ததா என்று இன்னும் அறிவிக்கவில்லை. டொக்டர் ஸுல்பிகா இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். லக்சனா கல்யாணம் முடித்து இறக்கக்கண்டியில் இருக்கிறாள். புஸ்பராணி எஞ்சின் திருத்தும் என் சாவிகளையும் சுத்தியல்களையும் விற்றுவிட்டு உடுப்புத் தைக்கிறாள். நான் வீட்டில் இருக்கிறேன். அந்த ஐந்து சொற்களும் நினைவிருக்கின்றன.