கட்டக் கூடாத கிடாய்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. தோல் வியாபாரிக்கு அது தேவையும் இல்லை. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து மொபெட்டை எடுத்தால், சிறுமலை அடிவாரத்துக் கிராமங்களில் ஆடு அறுத்த வீடுகளைச் சுற்றிவிட்டு, தோல் கெடுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். அப்படி ஓடிக்கொண்டிருந்த என்னைத்தான் நத்தம் ரோட்டில் ஒருநாள் வியாகுலம்மாள் டீச்சர் கை காட்டி நிறுத்தினார்.

"கையூம் பாய், தோல் ஏத்துறது திரும்பி வரும்போதுதானே? போகும்போது கேரியர் சும்மாதானே போகுது?"

சும்மாதான் போகிறது என்று நான் வாயை விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து என் கேரியரில் புங்கையும் வாகையும் உசிலும் நெல்லியுமாகக் கன்றுகள் ஏறிக்கொண்டன. பக்கத்துக் கடை முகமது பாரூக், "என்ன பாய், தோலை எடுத்துட்டு மரத்தைக் குடுத்துட்டு வர்றியா?" என்று தினமும் கேட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் மறுநாள் காலையில் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். அந்த அம்மாளிடம் மாட்டாதே என்று கேட்பவனுக்கு நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: மாட்டினால் விட மனசு வராது.

டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். மணி அடித்ததும் பஸ் பிடித்துக் கரட்டுப்பட்டிக்கு வந்து, அங்கே சாவடியில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். யாரும் அவரை அனுப்பவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. எழுத்தோடும் அவர் நிற்கவில்லை. குப்பையை எரிக்காமல் மட்க வைத்து வயலில் போடுவது, சரிவில் கல்வரப்புக் கட்டி மழைத் தண்ணீரை நிறுத்துவது என்று பாடம் நீண்டுகொண்டே போனது. பாடம் என்றால் வாய்ப்பாடம் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கல்லை அவர்தான் தூக்குவார்.

ஊருக்கு மேற்கே கரடு என்று ஒரு சிறு குன்று இருந்தது. ஒரு காலத்தில் சிறுமலைக் காட்டின் வால் மாதிரி அடர்ந்து கிடந்ததாம். விறகுக்கு வெட்டி வெட்டி மொட்டைப் பாறையாகிவிட்டது. மொட்டைப் பாறை என்றால் கல் குவாரிக்காரனுக்குக் கண் போகாமல் இருக்குமா? கரட்டைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவன் அலைந்துகொண்டிருந்தான். குவாரி வந்தால் கரட்டிலிருந்து கண்மாய்க்கு வருகிற ஓடை போய்விடும். சாவடியில் படித்த பெண்கள் சேர்ந்து போய், குத்தகை கொடுக்கிற அதிகாரியிடம் நின்றார்கள். அவர் நல்ல மனிதர்தான்.

"மொட்டைக் கரட்டைக் குடுக்காதேன்னா நான் மேலே என்ன பதில் சொல்றது? கன்னு வைங்க. வர்ற பொங்கலுக்கு நானே வந்து பாக்குறேன். பிழைச்சு நின்னா கரடு ஊருக்கு. இல்லைன்னா என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார்.

அது எண்பத்து மூன்றாம் வருடம். முந்தின மழை ஏமாற்றிவிட்டிருந்தது. என் கேரியரில் வந்த கன்றுகளைக் கரட்டில் நட்டு, பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். அவர்களில் பெருமாயி வைத்த கன்று ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. பங்குனியில் கன்றுகள் முழங்கால் உயரம் வந்தபோது, நான் தோல் எடுக்கப் போகிற பாதையை மாற்றிக்கொண்டு கரட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். சும்மா பார்ப்பதற்குத்தான்.

அப்போதுதான் கிடாய் மேலே ஏறியது.

அது பெருமாயி நேர்ந்துவிட்ட கிடாய். அவள் மகள் யுவராணி காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, குட்டியாக இருந்ததைக் கருப்பசாமி கோயில் முன்னால் கொண்டுபோய், "பிள்ளையைக் குடு, இதை எடுத்துக்கோ" என்று விட்டுவிட்டு வந்தாள். பிள்ளை பிழைத்தது. கிடாய் சாமியுடையது ஆகிவிட்டது. அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, போகிற வழியை மறிக்கவும் கூடாது. மீறினால் நேர்ந்தவர்களைத்தான் பிடிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டும்போதுதான் அதன் கணக்குத் தீரும். கருப்பசாமிக்குக் கொடையோ மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அடுத்தது வர இன்னும் ஒரு வருடம் கிடந்தது.

கீழே காய்ந்து கருகிக் கிடக்க, மேலே பச்சை தெரிந்தால் எந்த ஆடுதான் சும்மா இருக்கும்? கன்றுகளைச் சுற்றி முள் போட்டார்கள். பூசாரி ரங்கசாமி வந்து, "சாமி போற வழியை மறிக்கிறதா?" என்று எடுத்துப் போட்டுவிட்டார். கிடாய் நிதானமாக, பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி போல, ஒரு வரிசையைத் தின்றுவிட்டு இறங்கியது. அதிலும் பெருமாயி வைத்த வரிசையை. அவள் பாறை மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு கயிறு போட்டா முடிஞ்சுச்சு. அதுக்கு ஏன் இம்புட்டுப் பாடு?" என்று கத்தினேன். பெருமாயி என்னைப் பார்த்த பார்வையில் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன்.

டீச்சர் அவளிடம் கிடாயைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நேராகப் பூசாரியிடம் போனார். "கட்டலாமா கூடாதான்னு சாமிகிட்டயே கேட்டுப் பாக்கலாமா?" என்றார். அந்த ஊரில் அதற்கு வழி உண்டு. பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது.

பூக்கட்ட நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் பூசாரி டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். "டீச்சர், கரடு போச்சுன்னா எனக்கும்தான் ஆடு மேய்க்க எடம் இல்ல. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வச்சுருவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

ஆஹா, இத்தனை நாள் இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது. டீச்சர் தலையை ஆட்டினார்.

"வேண்டாங்க. பெருமாயி அந்தப் பூவை உண்மைன்னு நம்பி நிப்பா. நாளைக்கு அவ பிள்ளைக்கு ஒரு தலைவலின்னா அவ யாரைக் கேப்பா? அவளை ஏமாத்தி நான் எந்த மரத்தை வளக்க?"

"சிவப்பு வந்துட்டா?"

"வந்தா வரட்டும்."

சிவப்புதான் வந்தது. யுவராணியே எடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் அரளிப் பூ உதிர்ந்தது. கூட்டம் டீச்சரைப் பார்த்தது. வீம்பு பிடித்து நல்ல வழியைக் கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அவரோ குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "சரி, கட்டக் கூடாது. கூட நடக்கக் கூடாதுன்னு சொல்லலையே?" என்று பூசாரியிடம் கேட்டார்.

பூசாரி விழித்தார். "கூட நடக்குறதா? அதை யாரும் கேட்டதில்லையே."

"திங்கக் குடுக்கலாமா?"

"சாமிக்குத் திங்கக் குடுக்குறதை யாரு வேண்டாம்பாக?"

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. விடியற்காலைப் பஸ்ஸில் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு டீச்சர் வந்து இறங்கினார். கிடாய் கரட்டுப் பக்கம் திரும்பும் முன்னால் அதன் முன் நின்று ஒரு கொத்தை நீட்டினார். அது தின்றது. இன்னொரு கொத்தைக் கண்மாய்ப் பக்கம் நடந்துகொண்டே நீட்டினார். அது பின்னால் போனது. கயிறு இல்லை, கம்பு இல்லை, மறிக்கவும் இல்லை. அகத்தி தீர்ந்தால் கண்மாய்க்குள் கருவேலங்காய் பொறுக்கிக் கொடுத்தார். வெயில் ஏறினால் மர நிழலில் அது படுத்துக்கொள்ளும், இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பொழுது சாய்ந்து அது கோயிலுக்குத் திரும்பிய பிறகுதான் பஸ்ஸுக்கு நடப்பார். இப்படி விடுமுறை முழுவதும். நான் தோல் வாங்கப் போன ஊரெல்லாம் இந்தக் கதைதான். "சாமி ஆட்டுக்கு வேதக்கார டீச்சர் ஊழியம் பாக்குதாமே?" என்று சிரிப்பார்கள்.

அவருடைய ஆட்களே கேட்டார்களாம், ஒரு கிறிஸ்தவச்சி கருப்பசாமி கிடாய்க்குப் பின்னால் அலையலாமா என்று. "நாமதானே நல்ல மேய்ப்பன்னு பாடுறோம்? ஒரு ஆட்டை மேய்ச்சுப் பாக்குறேன், எம்புட்டுக் கஷ்டம்னு தெரியட்டும்" என்று பதில் சொல்லியிருக்கிறார். என்னிடம் இதைச் சொல்லும்போது அவரே விழுந்து விழுந்து சிரித்தார். முகம் கறுத்து, உதடு வெடித்துப் போயிருந்தது. நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். மேடை போட்டுப் பேசியவர்களும் அதில் உண்டு. ஒருவர் மேலும் எனக்கு இப்படி ஒரு மரியாதை வந்ததில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "குடை ஒண்ணு கொண்டு வந்தா என்ன, குறைஞ்சா போயிருவீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

சாவடி வகுப்புப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். பெருமாயி அவர் பக்கத்தில் ஒரு சொம்பு மோரை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவாள்.

விடுமுறை முடிந்தது. மழை வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் டீச்சர் வேலைக்குப் போயாக வேண்டும். முந்தின நாள் அவர் கண்மாய்க் கரையில் என்னிடம் சொன்னார்: "ரெண்டு நாள் ஆள் இல்லைன்னா போதும் பாய். அம்புட்டும் தின்னுரும். அதைக் குத்தம் சொல்ல முடியாது. பசிக்குது, திங்குது." முதல் தடவையாக அவர் குரல் உடைந்ததைக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் வண்டியில் இல்லாத கோளாறைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் எனக்கு வியாபாரம் ஓடவில்லை. சாயங்காலம் டீச்சர் பஸ்ஸிலிருந்து அகத்திக்கட்டோடு இறங்கியபோது நானும் கரட்டுப்பட்டி விலக்கில் நின்றிருந்தேன். சேர்ந்து நடந்தோம். அவர் நேராகக் கரட்டைத்தான் பார்த்தார். பாதி ஏறியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்றுகள் அப்படியே நின்றன.

கீழே கண்மாய்க்குள் கிடாய் கருவேலங்காய் மென்றுகொண்டிருந்தது. கூடவே பெருமாயி, மஞ்சள் சேலையில். தலைக்குக் குளித்திருந்தாள். நாங்கள் இறங்கி வருவதைக் கண்டதும் கரையேறி வந்து வலது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு.

"கிடாயத்தான் கட்டக் கூடாதுன்னு உத்தரவு டீச்சர். அதான் என்னையக் கட்டிக்கிட்டேன்" என்றாள்.

காப்புக் கட்டினால் விரதம். திருவிழாவுக்குச் சில நாட்கள் கட்டுவதுதான் வழக்கம். இவள், மழை விழுகிற வரைக்கும் உன் கிடாய்க்குப் பின்னாலேயே நடக்கிறேன் என்று கருப்பசாமியிடம் நேர்ந்துகொண்டு விடியற்காலையில் கட்டியிருக்கிறாள். இப்படி ஒரு காப்பை எங்கள் பாட்டன் காலத்திலும் கேட்டதில்லை என்று பூசாரி முனகினாராம். முனகிக்கொண்டே கட்டியும் விட்டிருக்கிறார்.

"நீ ஒருத்தியா எப்படி முடியும் பெருமாயி? பிள்ளைக்குச் சோறு பொங்க வேண்டாமா?"

பெருமாயி திரும்பிப் பார்த்தாள். கருவேல மரத்தடியிலிருந்து சாவடிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். எல்லார் கையிலும் காப்பு.

டீச்சர் அகத்திக்கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கட்டச் சொல்லு."

"உங்களுக்குக் கட்ட மாட்டோம்" என்றாள் பெருமாயி. "காப்புக் கட்டுனா ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. அங்க பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும். நீங்க போயிப் பாடத்தப் பாருங்க டீச்சர். இது எங்க கரடு, நாங்க பாத்துக்கிறோம்."

டீச்சர் நீட்டிய கையால் அவளையே பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு பயலும் என்னைப் பார்க்கவில்லை என்பதால் நானும் அழுதேன்.

ஆவணியில் மழை பிடித்தது. கண்மாய்க்குள்ளும் வரப்பிலும் புல் எழும்பி, கிடாய் கரட்டை மறந்தது. பெண்கள் ஓடைத் தண்ணீரில் காப்பை அவிழ்த்து விட்டார்கள். சொன்னபடி பொங்கல் கழிந்ததும் அதிகாரி வந்தார். மூச்சு வாங்க மேலே ஏறி, வரிசை வரிசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"கரடு உங்களுக்குத்தான்மா. இந்த வறட்சியில இதை எப்படிக் காப்பாத்துனீங்க? காவலுக்கு யார் இருந்தது?" என்று கேட்டார்.

பெருமாயி நிமிர்ந்து நின்று, "உள்ளேன் ஐயா!" என்றாள், சாவடியில் பெயர் கூப்பிட்டால் சொல்வது போலவே. அடுத்தவளும் சொன்னாள், அதற்கடுத்தவளும் சொன்னாள். அதிகாரி திகைத்துப்போய் ஒவ்வொருத்தியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த டீச்சரும் கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா" என்றார்.